கிழங்கு விடுமுறையில் ஒரு பரீட்சை

"நூலகம் எங்கே இருக்கிறது?"

ரினெட் கெரெட் இதை ஸ்பானிஷ் மொழியில், அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரத்தின் மேல் நிற்கிறவள் எந்த மொழியில் பேசினாலும் கத்தித்தான் ஆகவேண்டும். கீழே மண் புரளும் சத்தம், நடுவில் கிழங்கையும் கல்லையும் சேர்த்து ஏற்றிவரும் சங்கிலிப்பட்டை ஓடும் சத்தம், முன்னால் டிராக்டர் வேறு. காதில் ஒயரை மாட்டி, அதன்மேல் கம்பளித் தொப்பியை இழுத்து விட்டிருந்தாள். சட்டைப்பைக்குள் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு அக்கா பெர்னெட்டுக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம். பட்டைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் ஒரு மண்கட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"நூலகமா? இந்தா, இதுக்கு அடியில பாரு. இருந்தாலும் இருக்கும்!"

"கிண்டல் பண்ணாத. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

"நம்ம ஊர்ல ஸ்பானிஷ் பேச யாருடி இருக்கா? ஒரு பூனைகூட இல்ல."

"பரீட்சைக்கு ஆள் எதுக்கு? கம்ப்யூட்டர் போதும்."

"கல்லு! உன் பக்கம் கல்லு போகுது பாரு! நூலகத்தத் தேடிட்டு கல்ல விட்டுறாத, கில்மன் கத்துவான்."

ரினெட் எட்டிப் பிடித்து அந்தக் கல்லை வெளியே வீசினாள். அவளுடைய கைக்குத் தப்பி ஒரு கல் போனதில்லை, இத்தனை வருஷத்தில். அது அவளுக்கே தெரியும், அதனால் பெர்னெட்டின் புருஷன் கில்மன் கத்துவான் என்பதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

செயின்ட் ஓமரில் செப்டம்பர் நடுவில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். மூன்று வாரம் கிழங்கு விடுமுறை. பிள்ளைகளுக்கு மட்டும்தான் விடுமுறை என்று பெயர். உண்மையில் ஊரில் யாருக்கு என்ன உத்தியோகம் இருந்தாலும், வருஷ விடுப்பை வாங்கிக்கொண்டு சொந்தக்காரன் நிலத்துக்கு வந்துவிடுவார்கள். ரினெட்டும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊரின் முதியோர் இல்லத்தில் தாதி வேலை. கிழங்கு வந்துவிட்டால் மூன்று வாரம் அக்கா வீட்டு இயந்திரம். அவள் புருஷன் லூசியன் கிழங்கு லாரி ஓட்டுவான்.

இந்த வருஷம், இரண்டாயிரத்து நாலில், அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. முதியோர் இல்லத்தில் குடும்பங்களோடு பேசுவது, கிழவர்களின் காரியங்களைக் கவனிப்பது என்று ஒரு பொறுப்பாளர் பதவி உண்டு. அதில் இருந்த அம்மாள் டிசம்பரோடு ஓய்வு பெறுகிறாள். "அந்த நாற்காலி உனக்குத்தான். ஆனா பட்டக் காகிதம் வேணும், சர்க்கார் விதி" என்று நிர்வாகி சொல்லிவிட்டார். ரினெட் ஆறு வருஷமாக மாலை வகுப்புகளில் படித்து வந்தவள். இன்னும் ஆறே ஆறு கிரெடிட் பாக்கி. வகுப்பில் உட்கார்ந்து வாங்கினால் அடுத்த மே ஆகிவிடும். பரீட்சை எழுதியே வாங்கலாம் என்று கல்லூரியில் ஒரு வழி உண்டு. கணினி முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஐம்பது எடுத்தால், வகுப்புக்கே போகாமல் கிரெடிட் விழும். அக்டோபர் பதினைந்துக்குள் மதிப்பெண் வந்தால் டிசம்பரில் பட்டம். வராவிட்டால் தெற்கிலிருந்து யாராவது ஒரு வெளியூர்க்காரி வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். ரினெட் வலிக்கிற இடுப்போடு கட்டில் கட்டிலாக ஆட்களைத் தூக்கிப் புரட்டிக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

ஆறு கிரெடிட் மொத்தமாகத் தருவது மொழிப் பரீட்சைதான். பட்டியலில் ஸ்பானிஷ் இருந்தது, ஜெர்மன் இருந்தது, பிரெஞ்சும் இருந்தது. ரினெட் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்தாள்.

இங்கேதான் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் மேலே அக்காளும் தங்கையும் கத்திக்கொண்டது பிரெஞ்சில்தான். ஆற்றின் இக்கரை அமெரிக்கா, அக்கரை கனடா, இரண்டு கரையிலும் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அதுதான் பேச்சு. ஆனால் செயின்ட் ஓமரில் யாரையாவது பிடித்து "உனக்குப் பிரெஞ்சு தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "சேச்சே, நமக்கெங்க? நாம பேசறது சும்மா நம்ம பேச்சு" என்பார்கள். ரினெட்டும் அப்படித்தான் நினைத்தாள். பட்டியலில் பிரெஞ்சு என்ற வரியை, பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தைப் போலத் தள்ளி வைத்துவிட்டாள்.

ஸ்பானிஷ் பரீட்சை நாளன்று வயல் ஈரமாக இருந்தது; அவளுக்கு வேலை இல்லை. கல்லூரியில் தேர்வறைக்கு லூயிசா டூபேதான் காவல். சனிக்கிழமைச் சீட்டாட்டத்தில் ரினெட்டுக்கு ஜோடி, முப்பது வருஷத் தோழி. இருந்தாலும் கட்டடத்துக்குள் அடியெடுத்து வைத்துவிட்டால் பேச்சே வேறு. பள்ளி, கல்லூரி, அலுவலகம் எதுவானாலும் கூரைக்குக் கீழே ஆங்கிலம்தான். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

"திருமதி கெரெட், தங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்றாள் லூயிசா ஆங்கிலத்தில்.

"இதோ, திருமதி டூபே" என்றாள் ரினெட்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கார் நிறுத்துமிடத்தில் லூயிசா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அடியே! எவ்வளவுடி வந்துச்சு? உன் மூஞ்சியப் பாத்தா கேக்கவே பயமா இருக்கு."

"நாப்பத்தொண்ணு."

"ஐயய்யோ."

"மறுபடி எழுதணும்னா ஆறு மாசம் ஆகணுமாம். சட்டமாம்." ரினெட் கார் கதவைப் படாரென்று சாத்தினாள். அழவில்லை, ஆனால் கதவுக்கு நல்ல அடி.

மறுநாள் கல்லூரி ஆலோசகர் ஹேவர்ட்டி கூப்பிட்டு அனுப்பினாள். பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம்பெண். மதிப்பெண் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஒரு வகுப்புக்குக்கூடப் போகாம, ஆறே வாரத்துல நாற்பத்தொண்ணா? எப்படிங்க?"

"பெயில் பெயில்தானே, மிஸ்."

"இல்ல, நிஜமாவே கேக்கறேன். முன்னாடி ஸ்பானிஷ் தெரியுமா?"

"ஒரு எழுத்துத் தெரியாது. பாதி வார்த்தை எங்க பேச்சு மாதிரியே இருந்துச்சு, அதான்."

"எங்க பேச்சுன்னா?"

ரினெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் அவள் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. "வீட்ல பேசறது. பிரெஞ்சு மாதிரி ஒண்ணு."

ஹேவர்ட்டி பேனாவை வைத்துவிட்டாள். "வீட்ல பிரெஞ்சு பேசறீங்களா? பின்ன ஏங்க ஸ்பானிஷ் எழுதுனீங்க?"

"பிரெஞ்சுப் பரீட்சை பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு, மிஸ்" என்று பொறுமையாகச் சொன்னாள் ரினெட், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஹேவர்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மேல் குற்றமில்லை. அக்டோபர் எட்டாம் தேதி பிரெஞ்சுப் பரீட்சைக்கு ஓர் இடம் இருக்கிறது, பெயரைப் போட்டு வைக்கிறேன், வேண்டாமென்றால் ஒரு போன் செய்யுங்கள் என்றாள். ரினெட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் லூசியன் கோழிக் குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டே கேட்டான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. முதியோர் இல்லத்துல அந்த ஓனெசிம் தாத்தாகிட்ட என்ன பாஷை பேசற?"

"நம்ம பேச்சு."

"அவருக்கு இங்கிலீஷ் சுத்தமா மறந்துபோச்சுன்னு டாக்டர் உன்னைத்தான கூப்பிடறாரு? அப்ப டாக்டர் என்ன சொல்லிக் கூப்பிடறாரு?"

"பிரெஞ்சு பேசற நர்ஸ் எங்கன்னு கேப்பாரு. அவருக்கு என்ன தெரியும்? அவரு ஓஹாயோக்காரரு."

"நிர்வாகி உனக்கு வேலை தர்றேன்னு சொன்னதே பிரெஞ்சுக்காகத்தான்."

"லூசியன், உயர்நிலைப் பள்ளியில அந்தப் பிரெஞ்சு டீச்சர் எனக்கு என்ன மார்க் போட்டா? டி. நாலு வருஷமும் டி. பாரிஸ்ல படிச்சுட்டு வந்தவ. நீ பேசறது மொழியில்ல, சமையல்கட்டுச் சத்தம்னு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னா. ஸ்பானிஷ்ல நாப்பத்தொண்ணு வாங்கினது அவமானமில்ல. பிரெஞ்சுல நாப்பத்தொண்ணு வாங்கினா நான் எங்க போய் முகத்த வெச்சுக்க?"

லூசியனுக்கும் அதே டீச்சர்தான், அவனுக்கு எஃப். எழுந்து போய் லாரிக்கு எண்ணெய் பார்த்தான்.

அக்டோபர் பிறந்ததும் உறைபனி விழ ஆரம்பித்தது. கிழங்கு சில்லென்று இருக்கும்போது தோண்டினால் அடிபட்டு உள்ளே கறுத்துவிடும்; அதனால் விடிந்தும் எல்லாரும் லாரியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டு சூரியனுக்குக் காத்திருப்பார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. வயலில் கால் வைத்தால் முட்டி வரை இறங்கியது. கில்மன் வானத்தைத் திட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். ரினெட் அக்காளுடைய சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

பெர்னெட் ப்லாய் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்வீட் என்ற தானியத்தின் மாவைப் பச்சைத் தண்ணீரில் தோசைமாவு போலக் கரைத்து, மேலே கொதிக்கிற தண்ணீர் விட்டு, இரும்புக் கல்லில் ஊற்றவேண்டும். ஒரு பக்கம்தான் வேகும். மேலே கண் கண்ணாகத் திறந்து, ஈரம் காய்ந்ததும் எடுத்துவிடவேண்டும். திருப்பிப் போட்டால் அவள் வெளியூர்க்காரி என்று அர்த்தம்.

"எட்டாம் தேதிக்குப் பேரு போட்டிருக்காங்களாமே. லூயிசா சொன்னா" என்றாள் பெர்னெட், கல்லைப் பார்த்தபடியே.

"அவளுக்கு வாய் நிக்காதே."

"போறியா?"

"வெண்ணெய எடு."

பெர்னெட் வெண்ணெயை நகர்த்தினாள். இன்னொரு கரண்டி மாவு ஊற்றினாள். அதன் கண்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரினெட், நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்."

எந்த அன்றைக்கு என்று ரினெட் கேட்கவில்லை. அறுபத்து மூன்றில், ஆறு வயதில், அவள் பள்ளிக்குப் போன முதல் வாரம். ஒரே அறையில் மூன்று வகுப்பு. அப்போது பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசக்கூடாது என்று மாநிலச் சட்டமே இருந்தது. ரினெட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கையைத் தூக்கி, எழுந்து நின்று, கழிப்பறை எங்கே என்று தெரிந்த பேச்சில் கேட்டாள். டீச்சர் காதில் விழாததுபோலப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்பதற்குள் காலோடு வழிந்துவிட்டது. அதற்குப் பிறகு, பிரெஞ்சு வகுப்பில் கட்டாயத்துக்குப் பேசியதைத் தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பேச்சில் வாய் திறக்கவில்லை.

"தெரியும். மூணாவது வரிசை. பச்சைச் சட்டை" என்றாள் ரினெட்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. இங்கிலீஷ் தெரியும். நான் எந்திரிச்சு, என் தங்கச்சிக்கு டாய்லெட் போகணும் டீச்சர்னு ஒரு வாக்கியம் சொல்லிருக்கலாம். சொல்லல. எனக்கும் அடி விழும்னு பயம். உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, தெரியுமா? பலகையையே பாத்துட்டு இருந்தேன்." பெர்னெட்டின் குரல் உடைந்தது. "நாப்பத்தோரு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்குடி."

ரினெட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் ப்லாயைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்குவதற்குள் கோபம் பாதியாகிவிட்டது. எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

"நல்ல நேரம் பாத்து சொன்ன. நாப்பத்தோரு வருஷம் கழிச்சு. இன்னொண்ணு போடு" என்று தட்டை நீட்டினாள்.

"போடறேன். ஆனா கேளு. அந்த டீச்சர் செத்து இருபது வருஷமாச்சு. பாரிஸ்காரியும் போய்ச் சேந்துட்டா. நீ இன்னும் அவளுங்க முன்னாடியே கையத் தூக்கிட்டு நிக்கற."

"வாய மூடு, பெர்னெட்."

"மூட மாட்டேன். அன்னைக்கு மூடினது போதும். உனக்கு அந்த நாற்காலி கிடைக்கலன்னா யாரு வருவா? தெற்கேருந்து ஒருத்தி வருவா. நல்லவளாவே இருக்கட்டும். ஓனெசிம் தாத்தா அவகிட்ட என்ன கேப்பாரு? கழிப்பறை எங்கன்னு கேப்பாரு. அவளுக்குப் புரியாது. மறுபடி கேப்பாரு. தொண்ணூறு வயசுல அந்த மனுஷன் உன்னை மாதிரி நனைஞ்சு நிக்கணுமா?"

ரினெட் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். மழை தகரத்தில் அடித்தது. கல்லில் ஒரு ப்லாய் காய்ந்து கருகிக்கொண்டிருந்தது, இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"தீஞ்சுபோற வாசனை வருது பாரு" என்றாள் கடைசியில் ரினெட். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கில்மன்கிட்ட சொல்லு, எட்டாம் தேதி என் இடத்துல இயந்திரத்துல நிக்க ஒரு ஆள் பாக்கச் சொல்லு. ஒழுங்கா கல்லு பொறுக்கற ஆளா இருக்கணும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் படித்தாள் என்றால் பொய். மழை விட்டதும் வயல் காத்திருக்கவில்லை. காதில் ஒயர் அப்படியே இருந்தது. ஸ்பானிஷ் டேப்புக்குப் பதிலாக அக்கரை வானொலி ஓடியது. ஆறு மணிக்கு எழுந்தால் அக்கரையில் வாங்கிய பால் டப்பாவின் பிரெஞ்சுப் பக்கத்தைப் படித்தாள், இறந்துபோன அம்மாவின் ஜெபப் புத்தகத்தைப் படித்தாள். அவ்வளவுதான். மற்றபடி பெர்னெட்டோடு சண்டை போட்டாள், அதுவும் பிரெஞ்சில்தானே.

எட்டாம் தேதி காலை பதற்றத்தில் மூன்று கோப்பைக் காப்பி குடித்துவிட்டுப் போனாள். அது தப்பு.

"திருமதி கெரெட், தங்கள் அடையாள அட்டை" என்றாள் லூயிசா ஆங்கிலத்தில். கையெழுத்து வாங்கும்போது மட்டும் யாரும் பார்க்காமல் ரினெட்டின் விரலை ஓர் அழுத்து அழுத்தினாள்.

காதுக்கருவியை மாட்டியதும் ஒரு பெண் குரல் வந்தது. அந்தப் பாரிஸ் டீச்சரின் குரலேதான், அதே மூக்கு, அதே அலட்டல். முதல் கேள்வி போயே போய்விட்டது. இரண்டாவதில்தான் கவனித்தாள்: அந்தப் பெண் கடைக்காரனிடம் மீன் இன்றைக்குப் பிடித்ததா என்று கேட்கிறாள். கடைக்காரன் மழுப்புகிறான். 'அட, பழைய மீனு. இவன் பொய் சொல்றான், நம்பாத' என்று ரினெட் மனசுக்குள் சொன்னாள். திரையில் பார்த்தால் அதுதான் விடை. அடுத்து ஒரு கிழவன் ரயிலைத் தவறவிட்டான். அடுத்து ஓர் அக்காளும் தங்கையும் யார் காரை எடுப்பது என்று சண்டை போட்டார்கள். ரினெட்டுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதையா இத்தனை காலம் மலை என்று நினைத்திருந்தோம்? இது பட்டையில் கல் பொறுக்குகிற மாதிரிதானே. கிழங்கு எது, கல் எது என்று கை தானே போகும்.

இலக்கணப் பகுதியில் ஒவ்வொரு விடையையும் அம்மாவின் குரலில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அம்மா சொல்லமாட்டாள் என்றால் ஒதுக்கினாள். சில இடத்தில் அம்மா ஒன்று சொல்வாள், புத்தகம் ஒன்று சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. டீச்சரிடம் திட்டு வாங்கிய இடங்கள் ஒவ்வொன்றும் நன்றாக நினைவிருந்தன. அங்கெல்லாம் புத்தகத்தின் பக்கம் சாய்ந்தாள். நாலு வருஷத் திட்டு ஒரு நாளைக்காவது உதவட்டுமே.

கடைசிக் கேள்வி முடிந்ததும் திரை சற்று யோசித்தது. பிறகு எண்ணைக் காட்டியது. அறுபத்தெட்டு.

ரினெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அறுபத்தெட்டேதான்.

லூயிசா தாளை அச்செடுத்துக்கொண்டு தேர்வறைக்கு வெளியே, நடைக்கு வந்தாள். "வாழ்த்துகள், திருமதி கெரெட். அறுபத்தெட்டு மதிப்பெண் என்றால் ஆறல்ல, பன்னிரண்டு கிரெடிட்டுகள் வழங்கப்படும்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. நடையில் மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஹேவர்ட்டியின் அறைக் கதவு திறந்திருந்தது.

மூன்று கோப்பைக் காப்பியும் ரினெட்டை அவசரத்தில் நிறுத்தியிருந்தது. ஆறு வருஷமாக வந்துபோகிற கட்டடம். கழிப்பறை எங்கே என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இருந்தாலும் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, நடையின் கடைசி வரை கேட்கிற, இயந்திரத்தின் மேல் கத்துகிற குரலில், நம்ம பேச்சில் கேட்டாள்:

"லூயிசா, கழிப்பறை எங்கடி இருக்கு?"

லூயிசா திடுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹேவர்ட்டி அறையிலிருந்து தலையை நீட்டினாள். பிறகு லூயிசாவும் அதே பேச்சில், முதலில் மெதுவாகவும் பாதியிலிருந்து சத்தமாகவும், பதில் சொன்னாள்.

"இடது பக்கம், ரெண்டாவது கதவு. சீக்கிரம் ஓடுடி!"

ரினெட் ஓடவில்லை. நடையின் நடுவாக, நிதானமாக நடந்து போனாள்.